'ப்ளீஸ் அட்வைஸ்' எங்கே இடறுகிறது?

அலுவலக ஊழியர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதப் பயிற்சி கொடுப்பது என் தொழில். சென்ற மாதம் ஓர் இளம் பொறியாளர், வாடிக்கையாளருக்கு அனுப்பவிருந்த மின்னஞ்சலைக் காட்டினார். நான்கே வரி; கச்சிதமாக இருந்தது. கடைசியில் 'ப்ளீஸ் அட்வைஸ்' என்று முடித்திருந்தார். அந்த அட்வைஸில் கடைசிக்கு முந்தைய எழுத்து 'எஸ்' என்று இருக்க வேண்டும், 'சி' போட்டிருந்தார். கணினி சிவப்புக் கோடு போடவில்லை. எப்படிப் போடும்? அதுவும் சரியான சொல்தானே.

'சி' போட்டால் அறிவுரை, பெயர்ச்சொல். 'எஸ்' போட்டால் அறிவுறுத்து, வினைச்சொல். "தயவுசெய்து அறிவுரை" என்று ஒருவர் தமிழ்க் கடிதத்தை முடித்தால் சிரித்துவிடுவோம்.

இதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலச் சொல்லைப் பெயராகவே வாங்கி, 'பண்ணு', 'செய்' என்று வால் ஒட்டிக்கொள்வது நம் வழக்கம். வினையின் வேலையை அந்த வால் பார்த்துக்கொள்வதால், ஆங்கிலத்தில் தனியாக ஒரு வினை இருப்பதே நினைவில் நிற்பதில்லை. போதாததற்கு, தமிழில் இரண்டையும் 'அட்வைஸ்' என்றே எழுதுகிறோம். இங்கே எனக்கும் வேறு வழியில்லை.

ஒலியில் வேறுபாடு உண்டு. தொண்டையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். பெயர்ச்சொல் 'பஸ்' போல முடியும், தொண்டை அடங்கிவிடும். வினைச்சொல்லின் முடிவில் வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர்வு தொடரும். 20 பேர் தொண்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பது வேடிக்கையான காட்சிதான்.

'பிராக்டிஸ்' என்ற சொல்லுக்கு இந்த வித்தை பலிக்காது. பெயரும் வினையும் ஒரே ஒலி. பிரிட்டிஷ் முறையில் பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் 'சி' போட்டுவிடுகிறார்கள்.

அடுத்த சறுக்கல் வேற்றுமையில். 'எனக்கு அறிவுரை சொல்லுங்கள்' என்று மனதில் வைத்துக்கொண்டு 'அட்வைஸ் டு மீ' என்று எழுதுகிறார்கள். 'என்னை அறிவுறுத்துங்கள்' என்று நினைத்துப் பாருங்கள். 'டு' தானாக உதிர்ந்துவிடும்.

பத்து அறிவுரை சொன்னாலும் ஆங்கிலத்தில் அது ஒருமைதான், பன்மையே கிடையாது என்று ஒருமுறை வகுப்பில் அடித்துப் பேசினேன். பின்வரிசையில் இருந்த கணக்குப் பிரிவுக்காரர் எழுந்தார். "சார், பேமென்ட் அட்வைஸ் மாதம் 40 வருகிறதே, அதை எப்படி எழுதுவது?" பணம் அனுப்பியதைத் தெரிவிக்கும் அந்தச் சீட்டை எண்ணலாம்; அதற்குப் பன்மையும் உண்டு. பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.