9 ‘வேண்டாம்’ = 11 ‘வேண்டும்’

2006 ஜூன் 16, ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து. அர்ஜென்டினா ஆறு கோல் போட்டுத் துவைத்து எடுத்த அணியின் பெயர் செர்பியா-மாண்டினீக்ரோ. அந்தப் பெயரில் அன்றைக்கு நாடே கிடையாது. செர்பியாவோடு ஒரே நாடாகச் சேர்ந்திருந்த மாண்டினீக்ரோ, மே மாதம் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, ஜூன் 3-ஆம் தேதியே தன்னைத் தனி நாடாக அறிவித்துவிட்டது. ஆட்டத்துக்கு முதல் நாள்தான் செர்பிய அரசும் ‘சரி, நீ தனி நாடுதான்’ என்று ஒப்புக்கொண்டது. அணி மட்டும் பழைய பெயர்ப்பலகையோடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பகுதி வாக்கெடுப்பு நடத்திப் பிரிகிறது என்றால், பாதிக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு விழுந்தால் போதும், மறுநாளே கொடியேற்றிவிடலாம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பெட்டியைத் திறந்து எண்ணுவதெல்லாம் கடைசிக் காட்சி. யார் ஓட்டுப் போடலாம், எத்தனை சதவீதம் வேண்டும், எதிர்த்தரப்பு வருமா வராதா என்று முன்னாலேயே நடக்கும் பேரத்தில்தான் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பு வராவிட்டால் என்ன ஆகும்? இதே மாண்டினீக்ரோவில் 1992 மார்ச்சில் ‘யூகோஸ்லாவியாவிலேயே இருந்துவிடலாமா?’ என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கிட்டத்தட்ட 96 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். கேட்க பிரமாதமாக இருக்கிறது, ஆனால் தனி நாடு கேட்டவர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2017-இல் ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் இது அப்படியே தலைகீழ்: பிரிய வேண்டும் என்று 90 சதவீதம், ஆனால் ஓட்டுப் போட வந்தவர்களே 43 சதவீதம்தான். வாக்கெடுப்புக்கு ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கெனவே தடை போட்டிருந்ததால், ஒன்றாக இருக்க விரும்பியவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அக்டோபர் 27-இல் அறிவித்த சுதந்திரத்தை ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட ஏற்கவில்லை.

2006 மாண்டினீக்ரோ வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இந்தப் பயம் இருந்தது. செர்பியாவோடு இருக்க விரும்பிய கட்சிகள் புறக்கணித்தால் எல்லாம் வீண். அவர்களை உள்ளே இழுக்க, மிரோஸ்லாவ் லாய்ச்சாக் என்ற ஸ்லோவாக்கிய ராஜதந்திரியை அனுப்பி ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் 55 சதவீதம் கிடைத்தால்தான் பிரிவு.

ஏதோ ஐந்து சதவீதம் கூடுதல் என்று சாதாரணமாகத் தெரியும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 55-க்கு 45 என்பது 11-க்கு 9. அதாவது ‘வேண்டாம்’ என்று ஒன்பது பேர் சொன்னால், அதைச் சரிக்கட்ட ‘வேண்டும்’ என்று பதினொரு பேர் வேண்டும். எனக்கும் இது முதலில் அநியாயமாகத்தான் பட்டது. ஆனால் வேலை செய்தது. ‘நம் ஓட்டுக்கு எடை கூடுதல், ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது’ என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பும் களத்தில் இறங்கிவிட்டது. மே 21 அன்று 86 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்களெல்லாம் விமானம் பிடித்து ஊருக்கு வந்தார்கள். அதேசமயம், பக்கத்துச் செர்பியாவில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட மாண்டினீக்ரோக்காரர்களுக்கு ஓட்டு இல்லை. அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்தது.

முடிவு: 2,30,661 பேர் வேண்டும், 1,85,002 பேர் வேண்டாம். 55.5 சதவீதம். கோட்டைத் தாண்டியது சுமார் இரண்டாயிரம் ஓட்டில், நம் ஊரில் கவுன்சிலர் தேர்தலில்கூட இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். 53 வந்திருந்தால் பெரும்பான்மை கேட்டும் கிடைக்காத ஒரு விசித்திர நிலைமை; நல்லவேளை, அது வரவில்லை. தோற்றவர்கள் மறு எண்ணிக்கை கேட்டுப் பார்த்தார்கள், பலன் இல்லை.

அப்புறம் பாகப்பிரிவினை. இது சுலபமாக முடிந்ததற்குக் காரணம், இருவரும் ஒரே கூரைக்கடியில் தனித்தனி அடுப்பு வைத்துத்தான் வாழ்ந்தார்கள். செர்பியாவில் தினார் ஓடிக்கொண்டிருந்தபோது, மாண்டினீக்ரோ 1999-லேயே ஜெர்மன் மார்க்குக்குத் தாவி, 2002-இல் யூரோவுக்கு வந்துவிட்டது. சுங்கமும் தனி. மூன்று ஆண்டுக்குப் பிறகு பிரிந்து போகலாம், ஆனால் ஐ.நா. இருக்கை போன்ற சர்வதேச வாரிசுரிமை போகிறவருக்குக் கிடையாது, இருப்பவருக்கே என்று இருவரும் சேர்ந்து நாடு அமைத்த 2003 சாசனத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதனால் மாண்டினீக்ரோ புதிதாக விண்ணப்பம் போட்டு, ஜூன் 28 அன்று ஐ.நா.வின் 192-ஆவது உறுப்பினர் ஆனது.

கேட்காமலே தனி நாடாகிவிட்ட செர்பியாவுக்குப் பழைய இருக்கை கிடைத்தது. கால்பந்து வரலாறும் அதோடு வந்து சேர்ந்தது, அர்ஜென்டினா போட்ட அந்த ஆறு கோலையும் சேர்த்துத்தான்.