பக் நாயின் குறட்டை

பக் நாய் வளர்ப்பவர்கள் பலரும் அதன் குறட்டையைப் பெருமையாகச் சொல்வார்கள். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அடைபட்ட மூச்சுப் பாதை வழியே காற்று முட்டி மோதிப் போகிற சத்தம் அது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில் சிறிது வியர்ப்பதோடு சரி. சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி இரைப்பதுதான். தொங்கும் நாக்குதான் நம் கண்ணில் படுகிறது. ஆனால் மூக்குக்குள்ளும் பெரிய வேலை நடக்கிறது. அங்கே சுருள் சுருளாக மடிந்த மெல்லிய எலும்புத் தகடுகள், அவற்றின் மேல் ஈரச் சவ்வு, அதனடியில் ரத்தக் குழாய்கள். உள்ளே போகும் காற்று அந்த ஈரத்தை ஆவியாக்குகிறது, ரத்தம் குளிர்கிறது. சூடான காற்று வாய் வழியே வெளியேறுகிறது. ஈரம் வற்றாதிருக்க மூக்கின் பக்கவாட்டில் தனிச் சுரப்பியே உண்டு.

நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் இரைத்தால் அந்த உழைப்பே உடம்பைச் சூடாக்கிவிடாதா? ஆக்காது. ஆடுகிற ஊஞ்சலைச் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளினாலே அது ஆடிக்கொண்டிருக்கும். நாயின் நெஞ்சுக்கூட்டுக்கும் அப்படி இயல்பான ஓர் அதிர்வு வேகம் இருக்கிறது. அந்த வேகத்திலேயே இரைப்பதால் தசைகளுக்குச் செலவு குறைவு.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை நாம் பக் நாயிடமிருந்து பறித்துவிட்டோம். குட்டை முகம் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் எலும்பு சுருங்கியது. உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. தடித்த நாக்கும், வாய்க் கூரையின் பின்பக்கத்து மெல்லிய சதையான மெல்லண்ணம் நீண்டுபோனதும் தொண்டையை அடைக்கின்றன. மூக்குத் துளை வெறும் கீறல். காற்றை இழுக்க ஒவ்வொரு மூச்சுக்கும் பலம் வேண்டும். பலமாக இழுக்க இழுக்கத் தொண்டைச் சதை வீங்குகிறது, வழி இன்னும் குறுகுகிறது, உழைப்பில் உடம்பும் சூடேறுகிறது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஈரம் ஆவியாவதே சிரமம். நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இதைப் பார்த்தும் ஏன் நமக்கு உறைப்பதில்லை? பெரிய கண், உருண்டை நெற்றி, சிறு மூக்கு எல்லாம் கைக்குழந்தையின் முகச்சாயல். பார்த்ததும் மனசு இளகுகிறது. கூடவே, பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம் என்பதால் 'இந்த ஜாதியே அப்படித்தான்' என்று பழகிவிடுகிறோம். 2012இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக் கோளாறு உறுதியான நாய்களின் உரிமையாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் நாய்க்கு மூச்சில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். பாசத்தில் குறையே இல்லாதவர்களுக்கும் இது தெரியாமல் போகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது.

நெதர்லாந்தில் மூக்கு நீளத்தை அளந்து, மிகக் குட்டையான முகமுள்ள நாய்களை இனவிருத்தி செய்வதையே தடுத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும், நம் வெயிலுக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் பக் இருந்தது. ஏற்கெனவே பக் வளர்ப்பவர்களைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. அந்த நாய்க்கு அவர்கள்தான் கதி. ஆனால் அழகுக்காக இன்னொரு பக் குட்டியை விலை பேசுவது, அடுத்த ஈற்றுக்கு முன்பணம் கொடுப்பதற்குச் சமம். தெருவில் பிறந்த குட்டிகளுக்கு நீண்ட மூக்கும் உண்டு, வீடு தேடும் நிலையும் உண்டு.

வீட்டில் இருக்கும் பக்குக்கு எடை ஏறவிடாதீர்கள். கொழுப்பும் மூச்சை அடைக்கும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டும் வார் போடுங்கள். கோடையில் வெயில் ஏறுமுன் நடத்திக் கூட்டி வந்துவிடுங்கள். குறட்டை அதிகமென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குத் துளையை அகலப்படுத்தவும் மெல்லண்ணத்தைக் குறைக்கவும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. இரைப்பு அடங்காமல் நாய் தள்ளாடினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ, ஈரத் துணியால் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போட்டு, அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.