வெயிலில் வற்றும் சிறுநீரகம்: காலநிலை மாற்றத்துக்கு நாம் செய்வது போதுமா?

சென்ற ஆண்டு சித்திரை இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் பிற்பகல் மூன்றரை மணியளவில், அவனியாபுரம் பக்கம் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த முப்பத்து நான்கு வயதுத் தொழிலாளி ஒருவரை, உடன் வேலை பார்த்த இருவர் ஆட்டோவில் ஏற்றி என் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கெண்டைக்கால்களும் முறுக்கிக்கொண்டிருந்தன. வழியிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சிறுநீர் கழித்தவர், அதன்பிறகு போகவேயில்லை. பரிசோதனைக்காகக் குப்பியில் பிடித்துக் கொடுத்த கொஞ்சம் சிறுநீரும் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. ஆனால் ரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 3.8 இருந்தது, அவருடைய வயதுக்கு 1.2-க்குள் இருந்திருக்க வேண்டும். “நாலு நாளா உடம்பு முறிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு டாக்டரம்மா, மெடிக்கல்ல செட் மாத்திரை வாங்கிப் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனேன்” என்றார்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, இரண்டு முறை டயாலிசிஸ் செய்தபின் அவர் பிழைத்துக்கொண்டார். எனினும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கிரியாட்டினின் 1.6-இல் வந்து நின்றிருந்தது. அதற்குக் கீழே இன்றுவரை இறங்கவில்லை. அவரால் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்க முடியும். ஆனால் அவருடைய சிறுநீரகங்கள் அத்தனை கோடைகளைத் தாங்குமா என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

மதுரையில் பொது மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவரும் நான், காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளப் போதிய நடவடிக்கை எடுக்கப்படுகிறதா என்று யாராவது கேட்டால், முதலில் இவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வெயிலில் உழைக்கும் உடல் தன்னைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்வையைச் சுரக்கிறது. வியர்வையாகப் போன நீரும் உப்பும் திரும்பக் கிடைக்காதபோது, சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது. கடும் உழைப்பில் தசை நார்கள் சிதைந்தால், அவற்றிலிருந்து வெளியேறும் பொருள்கள் ஏற்கெனவே வறண்டு கிடக்கும் சிறுநீரக நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கின்றன. இந்த நிலையில், செட் மாத்திரையில் சேர்ந்துவரும் வலி மாத்திரையும் உள்ளே போனால், சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைத் திறந்து வைத்திருக்கும் இயற்கையான ஏற்பாடும் தடைபட்டுவிடுகிறது. ஒரு நாள் இப்படி நடந்தால் பெரும்பாலும் உடல் சமாளித்துவிடும். பங்குனி முதல் ஆவணி வரை நாள்தோறும் நடந்தால், ஆண்டுக்காண்டு வடு சேர்ந்துகொண்டே போகும்.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்ததை மருத்துவ உலகம் கவனித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பூச்சிக்கொல்லி, குடிநீரில் கலந்த உலோகங்கள் எனப் பல காரணங்கள் விவாதிக்கப்பட்டாலும், கடும் வெப்பத்தில் போதிய நீரின்றி உழைப்பதற்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதற்கான சான்றுகள் வலுத்துவருகின்றன. தமிழ்நாட்டிலும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். அதே குழு 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கண்காணித்ததில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது தெரியவந்தது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீர்க்கடுப்பு என்று மாதம் தவறாமல் என்னிடம் வந்துகொண்டிருந்த சித்தாள் ஒருவரிடம், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று சற்றுக் கண்டிப்பாகவே கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “தண்ணி குடிச்சா அப்புறம் ஒதுங்க எங்க டாக்டரம்மா போறது?” என்றார். அவர் வேலை பார்த்த இடத்தில் மூன்று மாடி எழும்பிவிட்டது. வேலையாட்களுக்கு ஒரு கழிப்பறை எழும்பவில்லை. காலை எட்டு மணிக்கு வேலையில் ஏறினால் மாலை ஆறு மணி வரை நாக்கை நனைக்கும் அளவுக்கு மட்டும் குடித்துவிட்டு, தலையில் ஜல்லிச் சட்டியைச் சுமந்து ஏறி இறங்குகிறார். நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று அதுவரை எத்தனையோ பெண்களுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அறிவுரையை அவர்களால் பின்பற்ற முடியுமா என்று ஒரு நாளும் நான் விசாரித்ததில்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். ஒரு நோயாளிக்கு எத்தனை பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினோம் என்பதைக் கொண்டு சிகிச்சை போதுமா என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. கிரியாட்டினின் இறங்குகிறதா என்றுதான் பார்ப்போம். வளிமண்டலத்துக்கு அந்த எண் கரியமில வாயுவின் அளவு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த அது, புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கை உருவான 2015-இல் 400 பங்கைத் தொட்டது. உடன்படிக்கைக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024-இல் உலகச் சராசரி ஏறத்தாழ 424. அந்த ஓர் ஆண்டில் ஏறிய 3.5 பங்கு, 1957-இல் அளவீடு தொடங்கியதிலிருந்து ஓராண்டில் ஏறியவற்றுள் மிக அதிகம். அதே 2024-தான், தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் பதிவான முதல் ஆண்டாகவும் அமைந்தது.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது உண்மையாகாது. பத்தாண்டுகளுக்கு முன் நூற்றாண்டின் இறுதிக்குள் 4 டிகிரியை நெருங்கும் என்று அஞ்சப்பட்ட வெப்ப உயர்வு, இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் 2.8 டிகிரி அளவில் இருக்கும் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2025-இல் மதிப்பிட்டிருக்கிறது. மதுரைக்குத் தெற்கே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. புதைபடிவ எரிபொருள் சாராத மின் உற்பத்தித் திறன் நாட்டின் மொத்த நிறுவுதிறனில் பாதியை 2025-இல் எட்டியது. 2030-க்கு வைத்த இலக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே நிறைவேறியிருக்கிறது. ஆயினும் உண்மையில் நாம் எரிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது, நோய் ஏறும் வேகத்தைவிடச் சிகிச்சையின் வேகம் குறைவாக இருக்கிறது என்பதே என் கணிப்பு. தொழிற்சாலைகளும் கார்களும் நம்மைவிடப் பல தலைமுறைகள் முன்பே பெருகிய நாடுகளுக்கு இதில் பொறுப்பு அதிகம் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பன்னாட்டு மாநாடுகளில் என்ன முடிவானாலும், ஏற்கெனவே ஏறிவிட்ட வெப்பம் அவனியாபுரத்து மாடியிலிருந்து அடுத்த கோடைக்குள் இறங்கப்போவதில்லை. எனவே போதுமா என்ற கேள்வியின் இன்னொரு பாதி, உழைப்பவரின் உடலைக் காப்பாற்ற என்ன செய்திருக்கிறோம் என்பது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்தப் பாதிதான்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணையிட்டது. நான் மனமார வரவேற்ற அறிவிப்பு அது. ஆனால் வெப்ப அலை என்பதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் அளவுகோல், சமவெளியில் குறைந்தது 40 டிகிரியும், அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலும் இருக்க வேண்டும் என்பது. அல்லது நேரடியாக 45 டிகிரியைத் தொட வேண்டும். சித்திரையில் இயல்பே 38 டிகிரியை ஒட்டி இருக்கும் மதுரையில், 41 டிகிரி அடிக்கும் நாள்கூட அந்த அளவுகோலுக்குள் வராமல் போகக்கூடும். அந்த 41-உம் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த வெப்பமானியின் கணக்கு. வெயிலில் காய்ந்த கம்பிகளுக்கு நடுவே, ஈரக் கலவையின் ஆவிக்குள் நிற்பவர் உணரும் வெப்பம் அதில் வராது.

இறப்பின் கணக்கிலும் இதே குறை இருக்கிறது. இதில் என் தவறும் உண்டு. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், சாலைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவரை ஒரு மே மாத மதியத்தில் நினைவின்றிக் கொண்டுவந்தார்கள். தோல் காய்ந்து, அனலாகக் கொதித்தது. நாங்கள் இதயத் துடிப்பைப் பார்த்தோம், ரத்த அழுத்தத்தைப் பார்த்தோம், இ.சி.ஜி. எடுத்தோம், உடல் வெப்பத்தை மட்டும் அளக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அவர் இறந்துவிட்டார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டவள் நான். அந்த ஒரு வரியால், அவரைக் கொன்றது வெயில் என்ற உண்மை எந்த ஏட்டிலும் ஏறாமல் போனது. அப்படிப் பதிவாகாத இறப்புகளுக்கு நிவாரணமும் கிடைக்காது, திட்டமும் வகுக்கப்படாது. குஜராத்தின் அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்த பின்னர்தான், 2013-இல் அந்நகரம் தனக்கென ஒரு வெப்பச் செயல்திட்டத்தை வகுத்துக்கொண்டது. எண்ணிப் பார்த்ததால்தான் அங்கே வேலை தொடங்கியது.

பகலைப் போலவே இரவையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். பகலில் சூடேறிய உடல் இரவில் ஆறினால்தான் மறுநாள் உழைப்பைத் தாங்கும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போட்ட ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்தால், மின்விசிறி அனலைத்தான் அள்ளி வீசுகிறது. மாடிக்குப் போனால் தளம் நள்ளிரவு வரை கொதிக்கிறது. தூக்கமில்லை என்று வருபவர்களிடம் கூரை எதனால் ஆனது என்று இப்போதெல்லாம் கேட்கிறேன். தல்லாகுளம், உலகனேரி என்று பெயரிலேயே நீரை வைத்திருக்கும் இடங்களில் இன்று கட்டடங்கள் நிற்கின்றன. கண்மாய் ஒன்று மறையும்போது நிலத்தடி நீர் போகிறது என்று பேசுகிறோம். அந்தப் பகுதியின் இரவுக் குளிர்ச்சியும் சேர்ந்தே போகிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின்கீழ் மரப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்ற இலக்கு நல்லதே. இன்று நடும் வேப்பங்கன்று ஒரு மனிதருக்கு முழு நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், சாலை விரிவுக்காக நிற்கும் மரத்தை வெட்டும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

செலவில்லாத வழிகள் பல இருக்கின்றன. வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய நோயாளிகள் சொல்வார்கள்: கத்தாரிலும் அமீரகத்திலும் கோடை மாதங்களில் உச்சிவெயில் நேரத்தில் திறந்தவெளி வேலைக்குச் சட்டப்படி தடை. அண்டையிலுள்ள கேரளமும் கோடையில் மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு தரும்படி ஆணையிடுகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை வேலையிடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. ஆயினும் கண்மாய்க் கரையில் மண் சுமந்துவிட்டு என்னிடம் வந்த வயதான பெண்களில் பலர், வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு பாட்டில் தண்ணீரோடுதான் பொழுதைக் கழித்திருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தெருவுக்குத் தெரு நீர்மோர் பந்தல் போட்டு, வழிப்போக்கர் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கும் ஊர் இது. அந்தப் பந்தல்களில் பாதியாவது ஆவணி வரை, கட்டட வேலை நடக்கும் தெருக்களில் நிற்கட்டும் என்பது என் வேண்டுகோள்.

மேஸ்திரிகளும் வீடு கட்டுவோரும் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத்தாக்கு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல், நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடுப்பைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்தலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது. நினைவோடு இருந்து சோர்ந்து போனவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள், கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகும் நாளில் வலி மாத்திரையைத் தொடாதீர்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ உள்ளவர்கள், எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் மருத்துவமனைப் பதிவேட்டில் பங்குனி முதல் நான்கு கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்: எங்கே வேலை, அங்கே நிழல் உண்டா, கழிப்பறை உண்டா, இரவில் எந்தக் கூரையின் கீழ் தூக்கம். மயங்கி வருபவர் யாராயினும் உடல் வெப்பத்தை அளந்து எழுதாமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை என்பதும் எங்கள் செவிலியர்களுக்குப் பழகிவிட்டது. அந்தச் சித்தாளின் மேஸ்திரியை வரவழைத்துப் பேசினேன். நான்கு சவுக்குக் கம்பு, பச்சை வலை, ஒரு கழிப்பறைக் கோப்பை, இரண்டு வாளி என ஒரே நாளில் மறைப்பு ஒன்று எழுந்தது. போன வாரம் அந்தச் சித்தாள் தன் மகளுக்குக் காய்ச்சல் என்று வந்திருந்தார். இடுப்பில் பிள்ளை, தோளில் ஒரு கூடை. கூடையில் பாதி காலியான இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது.