வடிந்த பிறகு சாகும் பயிர்

கார்த்திகை மழையில் வடிகால் அடைத்துக்கொண்டால் திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கமெல்லாம் வயல் எது, குளம் எது என்று தெரியாது. ஒரு வாரம் மூழ்கிக் கிடந்த சம்பா, தண்ணீர் வடிகிற அன்று பச்சையாகத்தான் தெரியும். 'அப்பாடா, தப்பிச்சிடுச்சு' என்று தோன்றும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகுதான் இலை வெந்த கீரை மாதிரி துவண்டு விழும்.

தண்ணீருக்குள் இருக்கும்வரை பயிருக்கு மூச்சுமுட்டல். சேமித்த மாவுச்சத்தைத் தின்று காலம் தள்ளுகிறது. திடீரென்று காற்றும் வெயிலும் ஒன்றாக வந்தால் செல்லுக்குச் சமாளிக்க முடிவதில்லை. உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடும் அதன் கூட்டாளிகளும் குவிகின்றன. அவை செல்லின் உறையான சவ்வில் உள்ள கொழுப்பை அரிக்கத் தொடங்கும். திறந்து வைத்த கடலை எண்ணெய் நாள்பட்டுச் சிக்கு வாடை அடிப்பதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான்.

சவ்வு என்பது பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு கொழுப்பு வால். வால்கள் உள்நோக்கி, தலைகள் வெளிநோக்கி. பாஸ்போலிப்பேஸ் டி என்ற நொதி தலையை மட்டும் நறுக்கிவிடும். மிஞ்சுவது பாஸ்பாடிடிக் அமிலம். தலை போன இடத்தில் எதிர்மின்னூட்டம் தூக்கலாக நிற்கும். செல்லுக்குள் அலையும் சில புரதங்கள் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் சில வேலைகள் தொடங்கும், சில நிற்கும். வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதற்கான சேதியும் இந்த வழியில்தான் போகிறது.

இந்த நொதி ஒற்றை ஆள் இல்லை. நெல்லில் இதற்கு 17 மரபணுக்கள். ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகுக் குடும்பச் செடியான அரபிடாப்சிஸில் 12. அவற்றில் ஒரு வகைக்கு 'டெல்டா' என்று பெயர் (கிரேக்க எழுத்துதான், நம்மூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). 2003-ல் அரபிடாப்சிஸில் பார்த்தபோது, ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் டெல்டா வகை விழித்துக்கொண்டு பாஸ்பாடிடிக் அமிலத்தை உண்டாக்கியது. அதனால் செத்துப்போகும் செல்கள் குறைந்தன. டெல்டா இல்லாத செடியில் சாவு அதிகம்.

அப்படியானால் இந்த நொதி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லதா? அதுதான் இல்லை. உறைகுளிரில் வைத்துப் பார்த்தால், 'ஆல்பா' வகையை அடக்கிய செடிதான் நன்றாகத் தப்பியது; டெல்டாவை நீக்கிய செடி நொடித்துப்போனது. நறுக்கும் வேலை ஒன்றுதான், செய்கிற ஆள் வேறு. சவ்வில் பாஸ்பாடிடிக் அமிலம் அளவு மீறினால் அடுக்கே நிலைகுலையும். சேதி சொல்ல நாலு செங்கல்லை உருவுவது வேறு, சுவரையே பிரித்துப்போடுவது வேறு.

சவ்வு கிழிந்ததா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். இலைத் துண்டுகளைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, சில மணி நேரம் கழித்து மின்கடத்துதிறனை அளப்பார்கள். உயிருள்ள செல் தன் உப்பை விடாது. செத்த செல்லிலிருந்து பொட்டாசியம் கசிந்து, முள் ஏறும்.

ஒடிசாவின் பழைய நெல் ரகம் ஒன்றிலிருந்து வந்த சப்1ஏ மரபணு 2006-ல் அடையாளம் காணப்பட்டது. அதைச் சேர்த்த சி.ஆர். 1009 சப்1 ரகம் இப்போது நம் காவிரி டெல்டாவிலும் உண்டு. நீருக்குள் வீணாக நீண்டு வளராமல் பயிரை அடக்கிவைப்பதுதான் அந்த மரபணுவின் பேர்போன வேலை. தண்ணீர் வடிந்த பிறகு வரும் இந்தப் பெராக்சைடு வகையறாவைத் தாங்கவும் அது உதவுகிறது என்று 2011-ல் தெரியவந்தது. வடிந்த வயலில் நுனி இலை கருகியதைப் பார்த்து உடனே உழுதுவிட வேண்டாம். ஒரு தூரைப் பிடுங்கிக் குருத்தின் அடியை நசுக்கிப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறதா?