நாசிலுக்குள் ஒரு சுழல்

"ரெண்டு பேரும் ஒரே கடையில்தான் மருந்து வாங்கினோம். பக்கத்துக் கொல்லையில் இலைப்பேன் அடங்கிவிட்டது. என் முண்டு மிளகாயில் இலை இன்னும் மேல்நோக்கிச் சுருண்டே கிடக்கிறது. மருந்து போலியா?" திருப்பாலைக்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

போலி மருந்து இல்லாமலில்லை. ஆனால் ஒரே கடை என்கிறாரே. எனக்குச் சந்தேகம் தெளிப்பானின் நுனியில் இருக்கும் நாசில் மேல்தான்.

களைக்கொல்லிக்கு விசிறி நாசில், பூச்சிமருந்துக்குக் கூம்பு நாசில் என்பது தெரிந்ததுதான். அந்தக் கூம்பு நாசிலின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். துளைக்குப் பின்னால் விரல்நகம் அளவில் ஒரு தட்டு, அதில் சாய்வாக வெட்டிய பள்ளங்கள். தண்ணீர் துளைக்கு நேரே ஓட முடியாது. பள்ளத்தின் வழியே பக்கவாட்டில் நுழைந்து, அந்தக் குட்டி அறைக்குள் சுற்றத் தொடங்கும். நடுவை நெருங்க நெருங்க வேகம் கூடும். ஒரு கட்டத்தில் நட்டநடுவில் தண்ணீரே இருக்காது. வெளிக்காற்று உள்ளே புகுந்து குழல் மாதிரி நிற்கும். தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினால் நடுவில் குழி விழுமே, அதேதான். துளையின் விளிம்பை ஒட்டி மெல்லிய படலமாக வெளியேறும் தண்ணீர், தட்டாமாலை சுற்றும் சிறுமியின் பாவாடை போல விரிகிறது. விரிய விரிய மெலிகிறது, கிழிகிறது, இழையாகிறது, கடைசியில் துளியாகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை இது!

துளியின் விட்டம் பாதியானால் அதே தண்ணீரில் எட்டுத் துளி கிடைக்கும். இலைக்கு அடியில் ஒளியும் பேனைப் பிடிக்க இது நல்லது. ஆனால் நம் கரையில் காற்று சும்மா இருக்காது. 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளி, நொடிக்குக் கால் மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். அரை மீட்டர் இறங்குவதற்குள், நொடிக்கு 3 மீட்டர் கடற்காற்று அதை 6 மீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். 400 மைக்ரான் துளி ஒரு மீட்டர்தான் நகரும். ஆகவே கடற்காற்று கிளம்பும் முன், விடியலில் அடியுங்கள். இலையிலிருந்து சொட்டச் சொட்ட அடித்தால்தான் மருந்து பிடிக்கும் என்பதெல்லாம் மூடநம்பிக்கை.

சரி, அளவு. ஒரு சென்ட் இடத்தில் வெறும் தண்ணீரை வழக்கமான நடையில் அடியுங்கள். செலவானதை நூறால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. 1.6 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 160, அதாவது 16 லிட்டர் டேங்க் பத்து. ஏக்கருக்கான மருந்தைப் பத்தாகப் பிரித்து ஊற்றவேண்டியதுதான். அப்புறம், நாசிலை ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். புது நாசிலைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வந்தால் துளை தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். அடைப்பெடுக்க ஊசி விடவே கூடாது.

முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. ட்ரோனுக்கு மானியமும் தருகிறார்கள். அதோடு ஆளுக்கொரு அளவுக் குவளையும் நல்ல நாசிலும் கொடுத்திருக்கலாம்.

வாசகர் நேற்று போனில் பேசினார். கண்மாய்த் தண்ணீரில் வந்த மணல் அடிக்கடி அடைத்ததால், அந்தச் சின்னத் தட்டைப் போன வருஷமே கழற்றிவிட்டாராம். "தண்ணி நல்லாத்தான் பீச்சுச்சு சார், அதான் விட்டுட்டேன்" என்றார். தட்டு பத்திரமாக ஆணி டப்பாவில் இருக்கிறதாம்.