ககன்யான்: சொல் விளக்கம்

மனிதரை விண்வெளிக்கு அனுப்ப இந்தியா உருவாக்கும் கலத்தின் பெயர் ககன்யான். இது இரண்டு சமஸ்கிருதச் சொற்களின் கூட்டு. ககன என்றால் வானம், யான என்றால் ஊர்தி. 'யா' என்ற வேருக்குச் செல்லுதல் என்று பொருள். யாத்திரையும் அதில் பிறந்ததுதான். மகாயானம் என்ற பௌத்தப் பிரிவின் பெயரில் இருப்பதும் இதே யானம்.

ககனம், யானம் இரண்டும் தமிழ் அகராதிகளில் எப்போதோ ஏறிவிட்ட சொற்கள். நம் வழக்கப்படி சேர்த்தால் விமானம், வாகனம் போல 'ககனயானம்' என்று வந்திருக்கும். ஆனால் பெயர் இந்தி உச்சரிப்பு வழியாக வந்ததால், இறுதியில் உள்ள அகரம் உதிர்ந்து 'யான்' ஆகிவிட்டது. சந்திரயானுக்கும் இதே கதைதான். தமிழில் யான் என்றால் நான்! அதனால் பழந்தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் கேட்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நேர்ப்பொருள் வானூர்தி. ஆனால் அதை ஏற்கெனவே விமானத்துக்குக் கொடுத்துவிட்டோம். அந்தச் சொல்லுக்கும் வயது அதிகம். புகழுடையோர் 'வலவன் ஏவா வான ஊர்தி'யில் விண்ணுலகம் அடைவார்கள் என்கிறது புறநானூற்றின் 27ஆம் பாட்டு. வலவன் என்றால் ஓட்டுபவன். அதாவது ஓட்டுநர் இல்லாத ஊர்தி. ககன்யானிலும் ஆள் ஏறுவதற்கு முன் அப்படியொரு பயணம் உண்டு. அதில் மனிதருக்குப் பதிலாகப் போகத் தயாரான பெண் உருவ ரோபோவின் பெயர் வியோமித்ரா. வியோமம் என்பதும் வானம்தான்.

ஆக, பொதுப்பெயராக விண்கலம் என்பதே சரி. மரக்கலத்தில் உள்ள அதே கலம். ரஷ்யர்களும் விண்கலத்தைக் கப்பல் என்றே சொல்கிறார்கள். 2003இல் அந்நாட்டின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய்யைச் சுமந்து சென்ற சீனாவின் ஷென்சோவுக்குத் தெய்வ ஓடம் என்று பொருள்.

ககன்யான் என்பது கலத்துக்கு மட்டுமல்ல, மொத்தத் திட்டத்துக்கும் பெயர். மூன்று பேர் வரை சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள் சுற்றிவிட்டுக் கடலில் இறங்க வேண்டும். பிரதமர் இதைச் செங்கோட்டையில் அறிவித்தது 2018 ஆகஸ்ட் 15 அன்று. வேலையோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2007இல் ஒரு சிறு கலத்தைச் சுற்றுப்பாதையிலிருந்து வங்கக்கடலில் இறக்கி மீட்டார்கள். 2014 டிசம்பரில் வீரர்கள் உட்காரும் கூண்டு ஒன்றை ஆளில்லாமல் மேலே ஏவி, கடலில் இறக்கிப் பார்த்தார்கள். ராக்கெட் கோளாறானால் வீரர்களைக் கூண்டோடு பிரித்துத் தப்பவைக்கும் ஏற்பாடு 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சோதிக்கப்பட்டது. ககன்யானைச் சுமக்கும் எல்விஎம்3 ராக்கெட்டின் இயந்திரங்களை மனிதப் பயணத்துக்கு ஏற்றபடி சோதித்த இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி.

ஆகவே திட்டத்தைச் சொல்லும்போது ககன்யான் என்றே எழுதலாம், அமெரிக்காவின் நிலவுத் திட்டமான அப்போலோவை யாரும் மொழிபெயர்க்கவில்லையே. 'ககன்யான் விண்கலம்' என்பது 'நடு சென்டர்' மாதிரிதான் என்றாலும், சிறப்புப்பெயரோடு பொதுப்பெயர் சேர்வது மொழியில் நடப்பதுதான், விட்டுவிடலாம். வகையைச் சொல்ல 'மனிதர் செல்லும் விண்கலம்' போதும். 'ஆளில்லா' என்பதற்கு எதிராக 'ஆளேறும் விண்கலம்' என்றும் சொல்லலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது: சுருக்கமானது, ஆள் என்றால் ஆணும் பெண்ணும் அடக்கம். 'மனிதன்' என்று எழுதும்போது வரும் சிக்கல் இதில் இல்லை.

அப்புறம், பயணம் செய்பவர்கள். 2024 பிப்ரவரியில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உள்பட நான்கு விமானப்படை அதிகாரிகளின் பெயர்கள் வெளியாயின. இஸ்ரோ இவர்களைக் ககன்யாத்ரி என்கிறது. அதாவது வான்பயணி. தமிழில் விண்வெளி வீரர் நிலைத்துவிட்டது, பெண் என்றால் வீராங்கனை. 'விண்பயணி' இருபாலருக்கும் பொருந்தும், ககன்யாத்ரிக்கும் நெருக்கம். ஆனால் செய்தித்தாள்கள் 'வீரர்' என்பதை லேசில் விடாது.