பழைய காரைக் கொடுத்தாயிற்று, ஆர்.சி.யில் பெயர் மாறியதா?

எங்கள் வெள்ளைக் கார் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு மாதம் கழித்து, அது சிக்னலைத் தாண்டியதற்கு என் போனுக்கு அபராதச் செய்தி வந்தது. படத்தைத் திறந்தால், பின்கண்ணாடியில் என் மகள் ஒன்றாம் வகுப்பில் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. பார்த்ததும் ஒரு நிமிடம் சந்தோஷம்தான். அப்புறம்தான் உறைத்தது: கார் இன்னும் என் பெயரில்தான் ஓடுகிறது.

தப்பில் என் பங்கும் உண்டு. புதுக் காரின் சாவியை வாங்கும் அவசரத்தில், நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகத்தான் இருந்தது. கண்ணெல்லாம் வாசலில் நின்ற பழைய வண்டி மேல்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? வாங்கியவர் அதே மாநிலம் என்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் படிவம் 29. வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அது படிவம் 30. வண்டி வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், விற்றவருக்கு 45 நாள் அவகாசம். கடனில் எடுத்த கார் என்றால், முதலில் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் இருக்கும் வங்கியின் பெயரை நீக்குங்கள். அந்தப் பெயர் அங்கே இருக்கும்வரை மற்ற வேலை நகராது.

பணம் கைக்கு வந்துவிட்டதே, இனி வாங்கியவன் பாடு என்று நினைக்க வேண்டாம். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கார் பல கை மாறியிருந்தது, ஆனால் ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவே இல்லை. விபத்து நடந்தபோது பதிவில் யார் பெயர் இருந்ததோ அவர்தான் உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்றது தீர்ப்பு. இதோடு பார்த்தால் எனக்கு வந்தது வெறும் சிக்னல் அபராதம்.

பழைய கார் டீலரிடம் கொடுப்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால், வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் பதிவு செய்யலாம். அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். "அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போடுவீர்களா" என்று நேராகவே கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். யாரிடம் கொடுத்தாலும் தேதியும் நேரமும் எழுதிய ஒப்படைப்புச் சீட்டு ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

வண்டி விற்கிற நிலையிலேயே இல்லை என்றால்? தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அப்புறம் தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும். டெல்லிப் பகுதியில் கட்டுப்பாடு வேறு. மற்றபடி வயதானதாலேயே காரை உடைத்தாக வேண்டும் என்பதில்லை. உடைப்பதென்று முடிவெடுத்தால் தெருமுனைக் காயலாங்கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு மையம் என்று தனியாக இருக்கிறது. திருட்டு வண்டியா என்று சரிபார்த்து எடுத்துக்கொண்டு, ஒப்படைப்புச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். அந்தச் சான்றிதழுக்குத்தான் மதிப்பு. அதைக் காட்டிப் புதுக் கார் எடுத்தால் பதிவுக் கட்டணம் கிடையாது, சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை உண்டு. எவ்வளவு என்பதை மாநில அரசு முடிவு செய்யும். கார் நிறுவனங்களும் தள்ளுபடி தரலாம், ஆனால் அது கட்டாயமில்லை, பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். உடனே புதுக் கார் எடுக்காதவர் சான்றிதழை இன்னொருவருக்கு விற்கவும் முடியும். உடைக்கும் வண்டிக்கான விலையாக அரசு சொன்ன கணக்கு, புது வண்டியின் ஷோரூம் விலையில் ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காடு. அதனால், ஓடுகிற காரை வாங்க ஆள் இருந்தால் விற்பதுதான் லாபம் என்பது என் கணக்கு.

இன்சூரன்சில் பலரும் கோட்டை விடுவது நோ கிளைம் போனஸ். அது வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். தொடர்ந்து ஐந்து ஆண்டு கிளைம் இல்லாதவருக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் காருக்கே வரும் சேதத்துக்காகக் கட்டும் பங்கில், 50 விழுக்காடு குறையும். விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டி நிறுவனத்திடம் கடிதம் வாங்கினால் புதுக் காருக்கு அது பொருந்தும். மூன்று ஆண்டு வரை செல்லும்.

பாஸ்டேக்கையும் வழங்கிய வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள். அது உங்கள் வங்கிக் கணக்கோடோ டிஜிட்டல் பணப்பையோடோ இணைந்தது, கண்ணாடியில் அப்படியே விட்டால் அடுத்தவர் சுங்கச்சாவடி தாண்டும்போதெல்லாம் உங்கள் பணம் போகும். நான் நகத்தால் சுரண்டி எடுத்தேன், துண்டு துண்டாகத்தான் வந்தது. ஸ்டிக்கரையும் அன்றே எடுத்திருக்கலாம். மகள்தான் வேண்டாம் என்றாள், பட்டாம்பூச்சி காரோடு போகட்டுமாம்.